பேய் வீட்டுக்குள் போக என்ன வயசு?

கோடை விடுமுறை வந்தால் திருச்சியில் ஏதாவது ஒரு மைதானத்தில் பொருட்காட்சி வந்து இறங்கிவிடும். ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, மரணக் கிணறு, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று கத்தும் பிளாஸ்டிக் கடை. இத்தனையையும் தாண்டி ஒரு மூலையில் பேய் வீடு நிற்கும். தகரத் தட்டியில் ரத்தம் சொட்டும் பல், உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் அலறல், வாசலில் ‘இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தவிர்க்கவும்’ என்று ஒரு போர்டு. குழந்தைகளைப் பற்றி அந்தப் போர்டில் ஒரு வார்த்தை இருக்காது. “எத்தனை வயசுப் பிள்ளைங்களை உள்ள விடுவீங்க?” என்று போன வருஷம் கவுன்ட்டரில் கேட்டேன். “அஞ்சு வயசுக்கு மேல ஃபுல் டிக்கெட்டு மேடம்” என்றார்.

சினிமாவிலாவது இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. 2024ல் வந்த விதிகளின்படி யு/ஏ சான்றிதழையே 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பேய் வீட்டுக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது. வரிசையில் நிற்கும் அம்மாவும் அப்பாவும்தான் தணிக்கை அதிகாரிகள். அதுவும் ஒரு கையில் பஞ்சுமிட்டாய், இன்னொரு கையில் சின்னவனின் சட்டைக் காலர், பின்னால் ‘போலாம் போலாம்’ என்று தள்ளும் உறவுக்கூட்டம். ஐந்து நிமிடத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. காரணம், என் நாத்தனார் மகன்.

நாலு வருஷம் முன்னால், அவனுக்கு ஆறு வயசு. வேறொரு ஊரில் ஒரு பொருட்காட்சி. அவனுடைய சித்தப்பாவுக்கு அண்ணன் மகன் மேல் உயிர். பேய் வீட்டு வாசலில் “வேணாம் சித்தப்பா” என்று பையன் சொன்னான். “ஆம்பளப் புள்ளைக்கு என்னடா பயம்?” என்றார். இரண்டாவது தடவையும் வேணாம் என்றான். மூன்றாவது தடவை சொல்ல நேரம் இல்லை, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். பையன் அழவில்லை. ‘பார்த்தியா, அழவே இல்ல, சிங்கக்குட்டி’ என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ஐஸ்கிரீம் கூடக் கிடைத்தது.

அன்று ராத்திரி ஆரம்பித்தது. பாத்ரூம் கதவை மூட விடமாட்டான். யாராவது வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் அலறுவான். விளக்கை அணைத்தால் தூக்கம் கிடையாது. எப்போதோ விட்டுப்போயிருந்த பழக்கம் திரும்பி வந்து படுக்கை நனைந்தது. பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகாமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வந்து, அதனால் காய்ச்சல் வந்து, ஒருவழியாகச் சரியாவதற்கு அந்தப் படிப்பு வருஷமே முடிந்துவிட்டது.

அந்த லீவில் எங்கள் வீட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒன்றும் கேட்காமலேயே சொன்னான். “நான் வேணாம்னு சொன்னேன்ல அத்தை.” உள்ளே என்ன பேய் இருந்தது என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சித்தப்பா சட்டைக்குள் முகத்தைப் புதைத்திருந்திருக்கிறான். ‘வேணாம்’ என்ற வார்த்தை வேலை செய்யவில்லை என்பதுதான் ஒரு வருஷம் கழித்தும் அவனிடம் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு என் பிள்ளைகள் விஷயத்தில் நான் பார்ப்பது இதைத்தான். பிள்ளை ‘போதும்’ என்று சொல்லுமா, சொன்னால் கூட வரும் பெரியவர் கேட்பாரா? வயசெல்லாம் அப்புறம்.

வயசே முக்கியமில்லை என்றும் சொல்ல முடியாது. 1969ல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். மேனார்டு என்று ஒரு சாதுவான பூனை. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் அதைத் தடவிக் கொடுத்துப் பழகினார்கள். பிறகு பூனையின் பின்பாதி குழந்தைகள் கண்ணில் படும்படியே வைத்துக்கொண்டு, அதன் முகத்தில் முரட்டு நாயின் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுக் குழந்தைகள் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டது. குரைக்குமா, கடிக்குமா என்று பயந்தார்கள். ஆறு வயதுக்காரர்களோ, நாய் மாதிரி இருந்தாலும் அது பூனைதான் என்று பெரும்பாலும் புரிந்துவைத்திருந்தார்கள். (அதே 1969ல்தான் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் புகழ்பெற்ற பேய் மாளிகையும் திறந்தார்கள். பேயை விற்கிறவர்களும் பேயைப் பற்றி யோசிக்கிறவர்களும் ஒரே சமயத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.)

ஆக, மூன்று நான்கு வயதுப் பிள்ளையிடம் “அது சும்மா முகமூடிடா கண்ணா” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. முகமூடி போட்டால் ஆளே மாறிவிடுகிற வயசு அது. தாத்தா மீசையை எடுத்துவிட்டு வந்தால் கைக்குழந்தை வீறிட்டு அழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் தொடர்ச்சிதான்.

சரி, ஆறு வயசானால் அழைத்துப் போய்விடலாமா? அங்கேதான் இன்னொரு சிக்கல். 1991ல் பால் ஹாரிஸ் என்பவரும் அவர் குழுவும் இங்கிலாந்தில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, இதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள் என்றார்கள். நிஜமாக இல்லை என்று குழந்தைகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆய்வாளர் வெளியே கிளம்பியபோதோ, சில நான்கு வயதுக்காரர்கள் போகாதே என்றார்கள். நமக்கும் அப்படித்தானே? நாற்பது வயசில் பேய்ப்படம் பார்த்துவிட்டு ராத்திரி சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது நடை கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கிறது. தெரிவது வேறு, இருட்டில் நிற்பது வேறு.

“டி.வி.யில எல்லாப் பேய்ப்படமும் பார்க்கிறான், இதுக்கா பயப்படப் போறான்?” என்பது என் மாமியாரின் வாதம். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் டி.வி.யில் பேய் வந்தால் நடுவில் விளம்பரம் வருகிறது. பாட்டி மடி இருக்கிறது. ரிமோட் இருக்கிறது. சோபா குஷனை முகத்தில் வைத்துக்கொண்டு விரலிடுக்கில் பார்க்கலாம். அதோடு நம் ஊர்ப் பேய்ப்படங்களில் பாதி சிரிப்பு. 2011ல் வந்த ‘காஞ்சனா’வில் ராத்திரி பாத்ரூமுக்கே அம்மாவைத் துணைக்கு அழைக்கும் ஹீரோவை ஊரே சிரித்துக் கொண்டாடியது. அந்தப் படத்தைக் குடும்பத்தோடு ரசித்தவர்கள்தான் வீட்டுப் பையனிடம் ‘ஆம்பளப் புள்ளைக்கு என்ன பயம்’ என்கிறார்கள்!

பொருட்காட்சிப் பேய் வீட்டில் இந்த வசதி ஒன்றும் கிடையாது. ஒட்டுப்பலகையும் கறுப்புத் துணியும் வைத்து வளைத்து வளைத்துக் கட்டிய ஒரு சந்து. மேலேயிருந்து நூல்கள் தொங்கி முகத்தில் உரசும். காற்று திடீரென்று பீய்ச்சும். மோட்டாரில் ஆடும் தெர்மாகோல் எலும்புக்கூட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. சவுரி மாட்டிக்கொண்டு மூலையில் பதுங்கியிருக்கும் நிஜ ஆள்தான் பயமுறுத்துவார். நமக்கு இடுப்புக்குக் கீழே வரும் கை, மூன்றரை அடிப் பிள்ளைக்கு நேரே முகத்துக்கு வருகிறது. பின்னால் இருந்து துரத்தும்போது நாம் சிரித்துக்கொண்டே ஓடுகிறோம். நம் கால்களுக்கு நடுவே ஓடும் பிள்ளைக்கு நாம் சிரிக்கிறோமா அலறுகிறோமா என்று எப்படித் தெரியும்?

இதையெல்லாம் சொல்வதால் பிள்ளைகளைப் பயமே தெரியாமல் பஞ்சில் வைத்து வளர்க்க வேண்டும் என்று நினைப்பவள் இல்லை நான். இந்த ஊரில் அது நடக்கவும் நடக்காது. திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் பயத்தோடு பழகுகிற விதமே தனி.

வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் இராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி. மணல்வெளியில் நம்பெருமாள் தங்கக் குதிரையில் வருவார். ஸ்ரீபாதந்தாங்கிகள் அந்தக் குதிரையோடு முன்னும் பின்னும் ஓடி, வட்டமடித்து வையாளி காட்டும்போது, குதிரை நம் மேலேயே பாய்ந்துவிடும் போலிருக்கும். அப்புறம் திருமங்கை மன்னன் கொள்ளையடிக்க வருவார். என் பெரியவள் மூன்று வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து இதைப் பார்த்து, குதிரை கிட்டே வரும்போதெல்லாம் அவர் தலைமுடியைப் பிடுங்கி எடுத்தாள். குதிரை பின்னால் போனதும் “இன்னொரு வாட்டி” என்றாள். அந்த ‘இன்னொரு வாட்டி’ என்ற வார்த்தைக்காகத்தான் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பயம் இருந்தது. ஆனால் அப்பா தோள், சுற்றிலும் வெளிச்சம், தெரிந்த முகங்கள், முடிவு தெரிந்த கதை.

நரசிம்மரும் அப்படித்தான். குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொண்ட கதையை நாம் சோறு ஊட்டும்போது சொல்கிறோம். தாயார் சந்நிதிக்கு எதிரே மேட்டழகியசிங்கர் இருக்கிறார். கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றியபோது இரணியன் வதையைக் கேட்டு அவர் தலையசைத்துச் சிரித்தார் என்பது ஊர்க்கதை. அந்தக் கதையைச் சொன்னால் என் சின்னவன் நரசிம்மரை விட்டுவிட்டு, “பிரகலாதனுக்கு ஒண்ணும் ஆகலதானே?” என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொள்வான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்த கதையில் எவ்வளவு ரத்தம் வந்தாலும் தாங்கிக்கொள்கிறார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புத்தூரில் குழுமாயி அம்மன் கோயில் திருவிழா. மாசியில் குட்டி குடித்தல் நடக்கும். பக்தர்கள் தோளில் மருளாளி வருவார், நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை உறிஞ்சிக் குடிப்பார். தெருவெல்லாம் கூட்டம், இடுப்பில் பிள்ளைகள். நான் என் பிள்ளைகளை அழைத்துப் போனதில்லை, எனக்கே மனசு திடம் போதாது. அங்கேயே பிறந்து வளர்ந்த என் தோழிக்கு நான் தயங்குவதே புரியவில்லை. “அது எங்க அம்மாடி, அதுல என்ன பயம்?” என்பாள். ஆனால் அவள்தான் பொருட்காட்சிப் பேய் வீட்டுக்குள் காலை வைக்கமாட்டாள். ஆக, பயத்துக்குப் பழக்கமும் ஒரு காரணம். ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சரிப்படுவது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒத்து வராமல் போகலாம்.

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினர் இதையே ஒரு பேய் வீட்டுக்குள் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி உள்ளே அனுப்பினார்கள். முடிவுகள் 2020ல் வெளியாயின. பயம் ரொம்பக் குறைவாக இருந்தாலும் ரசிக்கவில்லை, ரொம்ப அதிகமாக இருந்தாலும் ரசிக்கவில்லை, நடுவில் ஓரிடத்தில்தான் ரசித்திருக்கிறார்கள். மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களுக்கு இது முன்பே தெரியும். அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் வேறு என்பதும் தெரியும்.

போன மே மாதம் எங்கள் வீட்டில் மனு வந்தது. பெரியவளுக்கு ஒன்பது வயசு. “இந்த வருஷம் பேய் வீட்டுக்குள்ள போகணும்மா.” அவளாகக் கேட்டாள், யாரும் உசுப்பவில்லை. சின்னவனுக்கு ஆறு. அக்கா போனால் தானும் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவன் கட்சி.

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். முதலில் வீட்டிலேயே ஒன்று கட்டிப் பார்க்கட்டும் என்று. கட்டிலைச் சுற்றிப் பழைய போர்வைகள், உள்ளே டார்ச், மாமியாரின் கறுப்புப் புடவை. டிக்கெட் 2 ரூபாய். ஒரே ஒரு சட்டம்: யார் ‘ஸ்டாப்’ என்றாலும் உடனே லைட் போட வேண்டும், கேலி பண்ணக் கூடாது. மூன்று நாள் நடந்தது ஆட்டம். பெரியவள் பேயாகவும் இருந்தாள், பயப்படுகிறவளாகவும் இருந்தாள், இரண்டையும் ரசித்தாள். சின்னவன் பேயாக மட்டும்தான் இருப்பேன் என்றான். பயப்படுகிற முறை வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். என் மாமியார் பாவம், அவனுக்காக நாலு தடவை அலறினார். கடைசி தடவை நிஜமாகவே காலில் டார்ச் விழுந்து அலறினார் என்பது வேறு விஷயம்.

அந்த மூன்று நாளில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. “நீ இந்த வருஷம் வெளியில இரு, பாட்டிகூட” என்றபோது அவன் அழுவான் என்று நினைத்தேன். “அப்பளம் வாங்கித் தருவீங்களா?” என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கேட்கிற பிள்ளை எல்லாம் போக ஆசைப்பட்டுக் கேட்பதில்லை, நாம் மறுத்துவிடுவோம் என்ற நம்பிக்கையிலும் கேட்கும்.

டிக்கெட் வாங்கும் முன் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ‘எதுக்கும்மா அங்க போறீங்க?’ என்று காவலுக்கு நின்றவர் கேட்டார். வெளியே வர எத்தனை வழி என்றேன். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு இது கேட்டே தீர வேண்டிய கேள்வி. 2004 ஜனவரி 23 அன்று இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே வருஷம் ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். 2024 மே மாதம் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கம் எரிந்து 27 பேர். துணியும் பலகையும் ஒயரும் சேர்ந்த இருட்டுச் சந்துக்குள் பிள்ளையை அனுப்பும்போது உள்ளே இருக்கும் பேயைவிட இந்தக் கணக்குதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். முன்பு வேறொரு பொருட்காட்சியில் ஒரே ஒரு வழி, அதிலும் பாதியை ஜெனரேட்டர் அடைத்துக்கொண்டு நின்றது. பேசாமல் திரும்பி வந்துவிட்டோம். இந்தத் தடவை நடுவில் இரண்டு இடத்தில் துணியை விலக்கி வெளியே விடும் வழி இருந்தது, ஆள் நின்றார். மேலே கை வைப்பார்களா என்றும் கேட்டேன். “பிள்ளைங்க வந்தா தொடமாட்டோம்க்கா, சவுண்டு மட்டும்தான்” என்றார். கேட்டால் சொல்கிறார்கள்.

உள்ளே நானும் பெரியவளும் போனோம். அவள் கையை நான் பிடிக்கவில்லை, என் கையை அவள் பிடித்தாள். சின்ன விஷயம்தான், ஆனால் அவள் பிடித்தால் அவளே விடலாம். முதல் திருப்பத்தில் நூல். சிரித்தாள். எலும்புக்கூடு. “தெர்மாகோல்” என்று எனக்கே விளக்கம் சொன்னாள். இரண்டாவது திருப்பத்தில் சவுரி ஆள் தகரத்தை ஓங்கித் தட்டினார் பாருங்கள், நான் போட்ட கத்தல் வெளியே கேட்டிருக்கும். அவள் கை சில்லென்று ஆனது. “ஸ்டாப்மா.” அவ்வளவுதான். “அண்ணே, வெளிய விடுங்க” என்றேன். துணி விலகியது, வெளிச்சம், பஜ்ஜி வாசனை.

“பாதியிலேயே வந்துட்டீங்களா? முழுக் காசு குடுத்தாச்சே!” என்று மாமியார் வருத்தப்பட்டார். பெரியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடலை வண்டிப் பக்கம் போய் நின்றாள். பிறகு வந்து, “இன்னும் எத்தனை திருப்பம் இருந்துச்சும்மா?” என்றாள். “தெரியலையே.” “அடுத்த வருஷம் எண்ணலாம்.” அன்று ராத்திரி லைட்டை அவளே அணைத்தாள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கவனித்ததோடு சரி.

நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் சின்னவனுக்கு வெளியே வேறு கதை நடந்திருக்கிறது. பாட்டியோடு பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து டெல்லி அப்பளம் தின்றுகொண்டிருந்தவன் முன்னால், வெள்ளை அங்கி போட்ட ஒரு பேய், சவுரியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்க வந்திருக்கிறது. இருபது வயசு இருக்கும் பையன், முகமெல்லாம் வேர்வையில் கரைந்த பவுடர். இவன் அப்பளத்தை நீட்டியிருக்கிறான். அவனும் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டானாம்.

“அண்ணா, உள்ள உங்களுக்குப் பயமா இருக்காதா?”

“பேய்க்கு என்னடா பயம்? உன்ன மாதிரி வாண்டுங்க இருட்டுல முட்டியிலேயே உதைக்குதுங்க, அதுதான் பயம்” என்று அங்கியைத் தூக்கி முழங்காலைக் காட்டியிருக்கிறது பேய்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், காவிரிப் பாலம் தாண்டும் வரைக்கும், அந்த முழங்காலைப் பற்றித்தான் பேச்சு.